டாக்டர் பார்க்காத இரண்டு நிமிடம்

வயிற்றுப்போக்கு என்றால் டாக்டர் நாயை மேசையில் ஏற்றி வயிற்றை அமுக்கிப் பார்ப்பார். கால் நொண்டினால் நடக்கவிட்டுப் பார்ப்பார். வலிப்பு வந்த நாயைக் கூட்டிக்கொண்டு போனால், அது வாலை ஆட்டிக்கொண்டு அவர் கையை நக்கும். காய்ச்சல் இருக்காது, வலி இருக்காது. நேற்று இரவு நம்மை நடுநடுங்க வைத்த விஷயம் எதுவும் அங்கே தெரியாது. வலிப்பை நேரில் பார்ப்பவர் வீட்டில் இருப்பவர்தான். நோய் என்ன என்று கண்டுபிடிக்கும் வேலையில் பாதி நம் வீட்டு ஹாலிலேயே நடந்துவிடுகிறது. இதை நான் புரிந்துகொள்ள இரண்டு வலிப்பு தேவைப்பட்டது.

எங்கள் பிரவுனிக்கு முதல் தடவை வந்தபோது வயது மூன்று. லாப்ரடார், பெண். விடியற்காலை நாலேகால் மணி இருக்கும். ஹாலில் டக், டக், டக் என்று சத்தம். லைட்டைப் போட்டால், பிரவுனி பக்கவாட்டில் கிடக்கிறது. கழுத்து பின்னால் வளைந்து, நாலு காலும் கட்டை மாதிரி விறைத்திருந்தன. பிறகு நீச்சல் அடிப்பதுபோலக் கால்கள் உதைக்க ஆரம்பித்தன. சோபா காலில் நகம் பட்டுத்தான் அந்தச் சத்தம். தாடை கடகடவென்று அடித்துக்கொண்டது, வாயோரம் நுரை, கீழே சிறுநீர். கண் திறந்தே இருந்தது, ஆனால் கூப்பிட்டால் கேட்கவில்லை. அம்மா ஓடிப்போய்ச் சாவிக்கொத்தைக் கொண்டுவந்து அதன் பாதத்தில் வைத்து அழுத்தினார். கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது. நிறுத்தியது சாவிதான் என்று அம்மா நம்பினார். அன்றைக்கு நானும் நம்பினேன்.

மறுநாள் டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "எவ்வளவு நேரம் இருந்துச்சுங்க?"

"பத்து நிமிஷம் இருக்கும் டாக்டர்."

"கடிகாரம் பார்த்தீங்களா?"

பார்க்கவில்லை. எந்தக் காலில் ஆரம்பித்தது, முகத்தின் ஒரு பக்கம் மட்டும் துடித்ததா, முடிந்த பிறகு எவ்வளவு நேரத்தில் தெளிந்தது என்று அவர் கேட்ட எதற்கும் என்னிடம் பதில் இல்லை. "அடுத்த தடவை வந்தா வீடியோ எடுங்க" என்று சொல்லி அனுப்பினார். ஏழு வாரம் கழித்து வந்தது. எடுத்தேன். வீடியோவின் நீளம் 1 நிமிடம் 20 விநாடி. பார்த்துக்கொண்டிருந்தபோது அதுவும் பத்து நிமிடம் போலத்தான் இருந்தது.

பெரும்பாலான வலிப்பு ஒன்று, இரண்டு நிமிடத்தில் தானாகவே அடங்கிவிடும். இரும்பைக் கொடுத்தாலும் அடங்கும், கொடுக்காவிட்டாலும் அடங்கும். தலைமுறை தலைமுறையாக இரும்புக்குப் பேர் கிடைத்தது இப்படித்தான். இரும்பினால் கெடுதல் ஒன்றுமில்லை, ஆனால் அதைக் கொடுக்கப் போகும் கை நாயின் வாய்க்குப் பக்கத்தில் போகிறது. நாக்கை விழுங்கிவிடும் என்று பயந்து கரண்டியை வாயில் செருகுபவர்களும் உண்டு. நாய் நாக்கை விழுங்காது. அந்த நேரத்தில் அதற்கு நாம் யார் என்றே தெரியாது, தாடை தன்போக்கில் கடிக்கும், விரல் நடுவில் இருந்தால் விரலோடு சேர்த்துக் கடிக்கும்.

மூளையின் நரம்பு செல்கள் சின்னச் சின்ன மின்துடிப்புகளால் பேசிக்கொள்கின்றன. தூண்டிவிடும் செல்களும் உண்டு, அடக்கிவைக்கும் செல்களும் உண்டு. அடக்குகிற பக்கம் தளர்ந்தோ, தூண்டுகிற பக்கம் மிஞ்சியோ போய், ஒரு கூட்டம் செல்கள் ஒரே நேரத்தில் துடிக்கத் தொடங்கினால் அதுதான் வலிப்பு. அது மூளையின் ஒரு மூலையில் மட்டும் நடந்தால், உதடு மட்டும் வெட்டி வெட்டி இழுக்கும், ஒரு கால் மட்டும் துடிக்கும், இல்லாத ஈயைச் சில நாய் கவ்விக் கவ்விப் பிடிக்கும். மூளை முழுக்கப் பரவினால் நினைவு தப்பி விழும். சில நாய்களுக்கு வருவதற்கு முன்பே நிலைகொள்ளாமல் அலைவது, நம்மை விட்டு நகராமல் ஒட்டிக்கொள்வது போன்ற அறிகுறி இருக்கும். முடிந்த பிறகு கண் தெரியாததுபோலச் சுவரில் மோதும், ஒரே வட்டமாகச் சுற்றும், அகோரப் பசியில் தட்டை நக்கும். பிரவுனி அரை மணி நேரம் வீட்டைச் சுற்றிச் சுற்றி நடக்கும், என் முகத்தைப் பார்த்தாலும் அடையாளம் தெரியாது.

நாய் விழுந்து உதைத்தாலே வலிப்பு என்றும் சொல்லிவிட முடியாது. இதயக் கோளாறு உள்ள நாய் ஓடும்போதோ குதூகலத்தில் துள்ளும்போதோ துவண்டு விழும், சில விநாடியில் எழுந்து ஒன்றும் நடக்காததுபோல நடக்கும். அது மயக்கம். வயதான நாய் தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு, கண் பாப்பா இப்படியும் அப்படியும் ஓட, தள்ளாடி விழுந்தால் அது பெரும்பாலும் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பின் கோளாறு. தூக்கத்தில் காலை உதைப்பது கனவு, பேர் சொல்லிக் கூப்பிட்டால் விழித்துக்கொள்ளும். வலிப்பு பெரும்பாலும் நாய் ஓய்ந்திருக்கும்போதோ தூங்கும்போதோதான் வரும். இதையெல்லாம் வாயால் விளக்கி மாளாது. முப்பது விநாடி வீடியோ போதும், டாக்டர் பார்த்தவுடன் பிரித்துச் சொல்லிவிடுவார்.

அடுத்த கேள்வி, ஏன் வந்தது? வலிப்பு என்பது ஒரு நோயின் பெயர் இல்லை. இருமல் மாதிரி அது ஓர் அறிகுறி. காரணம் மூளைக்கு வெளியே இருக்கலாம், மூளைக்குள் இருக்கலாம், எங்கே தேடினாலும் கிடைக்காமலும் போகலாம். எந்தப் பக்கம் தேட வேண்டும் என்பதற்கு முதல் துப்பு நாயின் வயது.

ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டி என்றால், நம் ஊரில் முதலில் நினைக்க வேண்டியது டிஸ்டெம்பர். மனிதனுக்கு வரும் தட்டம்மை வைரஸுக்கு இது ஒன்றுவிட்ட உறவு. கண்ணிலும் மூக்கிலும் சளி ஒழுகும், காய்ச்சல், பேதி, சில குட்டிகளுக்குப் பாதத்தின் அடித்தோல் தடித்து வறண்டுபோகும். கொஞ்சம் தேறியதுபோலத் தெரியும். நாமும் பிழைத்துவிட்டது என்று மூச்சு விடுவோம். ஓரிரு வாரம் கழித்துத்தான் வைரஸ் மூளையில் தன் வேலையைக் காட்டும். சூயிங் கம் மெல்வதுபோலத் தாடை மட்டும் ஆடும் வலிப்பு இதற்கே உரியது என்று சொல்லுமளவுக்கு அடிக்கடி வரும். சில நாய்களுக்கு ஒரு காலோ தலையோ தாளம் போடுவதுபோலத் துடித்துக்கொண்டே இருக்கும், தூக்கத்தில்கூட நிற்காது. இந்த வைரஸைக் கொல்ல மருந்து இல்லை. வலிப்பை அடக்கி, நீரும் உணவும் ஏற்றி, உடம்பு தானே போராடக் கைகொடுக்கலாம், அவ்வளவுதான். ஆனால் தடுப்பூசி இருக்கிறது, நன்றாக வேலை செய்கிறது. ஆறு முதல் எட்டு வாரத்தில் ஆரம்பித்து, மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு தடவையாகப் பதினாறு வாரம் வரை போட வேண்டும். முதல் ஊசியோடு நிறுத்திவிடும் வீடுகள் நிறைய. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி அந்த முதல் ஊசியைச் செல்லாக்காசாக்கிவிடலாம் என்பதால்தான் திரும்பத் திரும்பப் போடச் சொல்கிறார்கள்.

சின்னஞ்சிறு இனக் குட்டிகள் ஒருவேளை பட்டினி கிடந்தாலே ரத்தச் சர்க்கரை இறங்கி வலிப்பு வரலாம். சாப்பிட்ட பிறகுதான் தடுமாறுகிறது, வலிப்பும் வருகிறது என்றால் டாக்டர் கல்லீரலைப் பார்ப்பார். பிறவியிலேயே ஒரு ரத்தக் குழாய் கல்லீரலைச் சுற்றிக்கொண்டு போயிருந்தால், சுத்தமாகாத ரத்தம் நேரே மூளைக்குப் போகும்.

குட்டி போட்ட நாய்க்கு வருவது தனிக் கதை. பக்கத்து வீட்டு அக்காவின் பொமரேனியன் ஐந்து குட்டி போட்டு மூன்றாவது வாரம். மதியம் என்னைக் கூப்பிட்டார்கள். நாய் நாக்கைத் தள்ளி இரைத்துக்கொண்டிருந்தது, முகம் இழுத்தது, நடந்தால் நாலு காலும் குச்சி மாதிரி. உடம்பைத் தொட்டால் அடுப்பு. "உங்க பிரவுனிக்கு வர்ற மாதிரியேதான் இருக்கு, அந்த மாத்திரை ஒண்ணு குடுங்க" என்றார் அக்கா. ஆனால் அதற்கு நினைவு இருந்தது, பேர் சொன்னால் கண் திரும்பியது. ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடினோம். பால் சுரப்பில் ரத்தத்தின் கால்சியம் கரைந்துபோயிருந்தது. டாக்டர் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தபடியே கால்சியத்தை ரத்தக் குழாயில் சொட்டுச் சொட்டாக ஏற்றினார், வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடும் என்றார். கால் மணி நேரத்தில் அந்தக் குச்சிக் கால்கள் மெல்ல மடங்கின. குட்டிகளுக்கு ஒரு நாள் புட்டிப்பால். அன்றைக்கு என் வீட்டு மாத்திரையைக் கொடுத்திருந்தால் நாய் போயிருக்கும். ஒரு நாயின் வலிப்பு மாத்திரை இன்னொரு நாய்க்கு மருந்தாகிவிடாது.

விஷத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆரோக்கியமாக இருந்த நாய் திடீரென்று விழுந்து, ஒன்று முடிவதற்குள் அடுத்தது வருகிறது என்றால் எதையாவது தின்றதா என்று பாருங்கள். எலி மருந்தாக விற்கும் கறுப்புப் பொடியில் துத்தநாக பாஸ்பைடு இருக்கும். வயிற்று அமிலத்தில் பட்டதும் அது விஷவாயுவாக மாறுகிறது. வாந்தியில் பூண்டு நாற்றமோ மீன் அழுகிய நாற்றமோ அடிக்கும், அதை மோந்து பார்க்காமல் ஜன்னலைத் திறங்கள். இதற்கு மாற்று மருந்து கிடையாது. வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்தை உண்ணிக்காக நாய் மேல் பூசுவதும் நம் ஊரில் நடக்கிறது. எச்சில் ஒழுகி, கண் பாப்பா சுருங்கி, பேதியோடு வலிப்பு வந்தால் அந்த விஷமாக இருக்கலாம். நேரத்தோடு போனால் அட்ரோபின் காப்பாற்றும். சர்க்கரை சேர்க்காத சூயிங் கம்மில் இருக்கும் சைலிட்டால் என்ற இனிப்பு, அடர் சாக்லேட் இரண்டும் நாய்க்கு விஷம். எதைத் தின்றிருந்தாலும் உப்புத் தண்ணீரை ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்பு ரத்தத்தில் ஏறினால் அதுவே வலிப்பைக் கொண்டுவரும்.

உண்ணிக்குக் கொடுக்கும் புதுவகை மென்று தின்னும் மாத்திரைகளில் ஐசாக்சசோலின் என்ற மருந்துக் குடும்பம் இருக்கிறது. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2018இல் இவற்றைப் பற்றி ஓர் எச்சரிக்கை தந்தது: பெரும்பாலான நாய்களுக்குப் பாதுகாப்பானவை, ஆனால் சில நாய்களுக்கு நடுக்கமோ வலிப்போ வரலாம். ஏற்கனவே வலிப்பு வந்த நாய் என்றால், அந்த மாத்திரையை வாங்கும் முன் டாக்டரிடம் அதைச் சொல்லிவிடுங்கள். அதற்காக உண்ணியை விட்டுவிடவும் முடியாது. உண்ணிக் காய்ச்சலும் சில நேரம் மூளையைப் பிடிக்கும்.

ஆறு வயதுக்கு மேல் முதல் தடவையாக வலிப்பு வந்தால் மூளைக் கட்டி இருக்குமோ என்ற சந்தேகம் வலுக்கும். தலையில் அடிபட்ட நாய்க்கு மாதங்கள் கழித்தும் வரலாம்.

வெறிநோயைத் தனியாகப் பேச வேண்டியிருக்கிறது. தெருவில் ஒரு நாய் வலிப்பு வந்து நுரை தள்ளினால் "வெறி பிடிச்சிருச்சு" என்று கல்லெடுக்கிறார்கள். வெறிநோயின் கடைசிக் கட்டத்தில் வலிப்பு வருவது உண்மைதான். ஆனால் அந்த நாய் அதற்கு முன்பே மாறியிருக்கும்: குரைப்பு கரகரத்துப்போகும், தாடை தொங்கும், விழுங்க முடியாமல் எச்சில் ஒழுகிக்கொண்டே இருக்கும், காரணமில்லாமல் பாயும் அல்லது இருட்டில் ஒடுங்கும். அறிகுறி தொடங்கினால் பெரும்பாலும் பத்து நாளைத் தாண்டாது. வெறும் வலிப்பு நோய் உள்ள நாயோ, ஒரு மணி நேரம் கழித்து எழுந்து வழக்கமான டீக்கடைக்குப் பிஸ்கட்டுக்குப் போய்விடும். இரண்டு வலிப்புக்கு நடுவில் நாய் எப்படி இருக்கிறது என்பதில்தான் வித்தியாசம். அந்த நாயைப் பற்றி ஒன்றும் தெரியாது என்றால் தள்ளி நில்லுங்கள், ஆட்களை விலக்குங்கள், விலங்கு நல ஆட்களைக் கூப்பிடுங்கள். கடித்திருந்தாலோ எச்சில் காயத்தில் பட்டிருந்தாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

சரி, எதுவுமே இல்லை என்றால்? ஆறு மாதத்திலிருந்து ஆறு வயதுக்குள் ஆரம்பித்து, இடைப்பட்ட நாட்களில் நாய் முழு ஆரோக்கியமாக இருந்து, சோதனைகளிலும் குறை தெரியாவிட்டால் அதை காரணம் தெரியாத காக்காய் வலிப்பு என்கிறார்கள். லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், ஜெர்மன் ஷெப்பர்ட், பீகிள் போன்ற இனங்களில் இது பரம்பரையாக வருகிறது. அதனால்தான் இந்த நோய் உள்ள நாயை இனச்சேர்க்கைக்கு விடக் கூடாது. பெண் நாய்க்குப் பருவம் வரும் நாட்களில் வலிப்பு கூடலாம் என்பதால் கருத்தடை செய்துவிடுவது அதற்கும் நல்லது. பிரிட்டனில் ஆயிரக்கணக்கான நாய்களின் மருத்துவப் பதிவுகளை ராயல் கால்நடை மருத்துவக் கல்லூரி ஆராய்ந்தபோது 0.6 சதவீத நாய்களுக்கு வலிப்பு நோய் இருந்தது. அதாவது ஆயிரத்துக்கு ஆறு.

இந்த முடிவுக்கு எப்படி வர வேண்டும் என்று 2015இல் ஒரு சர்வதேசக் கால்நடை வலிப்பு நிபுணர் குழு மூன்று படிகளாக வகுத்தது. முதல் படிக்கு ஸ்கேன் எதுவும் தேவையில்லை. குறைந்தது 24 மணி நேர இடைவெளியில் இரண்டு வலிப்பு, சரியான வயது, நரம்புப் பரிசோதனையில் குறையின்மை, ரத்தமும் சிறுநீரும் சரியாக இருப்பது, இவ்வளவே. ரத்தத்தில் சர்க்கரை, கால்சியம், சிறுநீரகம், கல்லீரல் பார்ப்பார்கள். நம் ஊரில் உண்ணிக் காய்ச்சல் கிருமியையும் சேர்த்துத் தேடுவார்கள். இரண்டாவது படியில் கல்லீரலுக்கான பித்த அமிலச் சோதனை, எம்ஆர்ஐ, தண்டுவட நீர்ச் சோதனை. மூன்றாவது மூளையின் மின் அலைப்பதிவு. நாய் அசையாமல் படுக்காது, அதனால் எம்ஆர்ஐக்கு முழு மயக்கம் கொடுக்க வேண்டும். செலவும் அதிகம், எல்லா ஊரிலும் வசதியும் இல்லை. பிரவுனிக்கு நாங்கள் எடுக்கவில்லை. மூன்று வயது, இரண்டு வலிப்புக்கு நடுவில் ஒரு குறையும் இல்லை, ரத்தம் சுத்தம். "எட்டு வயசுல ஆரம்பிச்சிருந்தா எடுக்கச் சொல்லியிருப்பேன்" என்றார் டாக்டர்.

ஒரே ஒரு வலிப்புக்கு உடனே தினசரி மருந்து ஆரம்பிக்க மாட்டார்கள். ஆறு மாதத்துக்குள் இரண்டு வந்தால், ஒரே நாளில் இரண்டு மூன்று என்று கொத்தாக வந்தால், ஐந்து நிமிடத்தைத் தாண்டினால், அல்லது முடிந்த பிறகு நாய் நெடுநேரம் கண் தெரியாமலோ மூர்க்கமாகவோ இருந்தால் ஆரம்பிப்பார்கள். முதல் மருந்து பெரும்பாலும் ஃபினோபார்பிட்டால். மனிதர்களின் வலிப்புக்கு 1912இல் பயன்பாட்டுக்கு வந்த பழைய மருந்து, நாய்க்கு இன்றும் இதுதான் முன்வரிசை. விலை குறைவு. மனிதர்களின் மெடிக்கல் ஷாப்பில்தான் கிடைக்கும், சீட்டு இல்லாமல் தர மாட்டார்கள். "பேஷன்ட் பேரு?" என்று கேட்டார் கடைக்காரர். "பிரவுனி" என்றேன். சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கு" என்று எடுத்துக் கொடுத்தார்.

முதல் இரண்டு வாரம் நாய் குடித்ததுபோலத் தள்ளாடும். பசி எடுக்கும், தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்கும், வீட்டுக்குள்ளேயே சிறுநீர் போகும். அதைப் பார்த்து மனம் தாங்காமல் மருந்தை நிறுத்துபவர்கள் உண்டு. நிறுத்தாதீர்கள். அளவு ரத்தத்தில் நிலைப்பதற்கே இரண்டு வாரம் பிடிக்கும், தள்ளாட்டமும் அதற்குள் குறைந்துவிடும். திடீரென்று நிறுத்தினால் முன்பு இருந்ததைவிட மோசமான வலிப்பு வரும். கல்லீரல் இந்த மருந்தைச் சீக்கிரம் சீக்கிரமாகக் கரைக்கப் பழகிக்கொள்ளும், அதனால் கொஞ்ச நாளில் அளவைக் கூட்ட வேண்டியிருக்கலாம். ரத்தத்தில் மருந்தின் அளவையும் கல்லீரலையும் ஆறு மாதத்துக்கு ஒரு தடவையாவது பார்க்க வேண்டும்.

இது மட்டும் போதவில்லை என்றால் பொட்டாசியம் புரோமைடு. உடம்பிலிருந்து மிக மெதுவாக வெளியேறும் உப்பு இது, நிலைக்க இரண்டரை மூன்று மாதம் ஆகும். சிறுநீரகத்தில் புரோமைடும் சாப்பாட்டு உப்பும் போட்டி போடுகின்றன. உப்பு அதிகம் போனால் மருந்து சிறுநீரோடு வெளியேறிவிடும். ஒரு வாரம் வெறும் சோறு, மறுவாரம் கருவாட்டுச் சோறு என்று மாற்றி மாற்றிப் போட்டால், மாத்திரை சரியாகக் கொடுத்தும் வலிப்பு வரும். லெவிடிரசிட்டம் பக்கவிளைவு குறைந்த மருந்து, ஆனால் நாயின் உடம்பில் சில மணி நேரமே நிற்கும். சாதாரண மாத்திரையை எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கொடுக்க வேண்டும். வீட்டில் பெரியவர் யாருக்காவது வலிப்புக்கு வாங்கிய ஃபெனிடாயின் இருக்கிறதே என்று அதைக் கொடுக்காதீர்கள். மனிதனுக்கு ஒரு நாள் தாங்கும் அந்த மருந்தை நாயின் கல்லீரல் சில மணி நேரத்தில் கரைத்துவிடும்.

மருந்து கொடுத்தால் வலிப்பே வராது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. நான்கில் ஒரு நாய்க்கு, சில கணக்கில் மூன்றில் ஒரு நாய்க்கு, மருந்து சரியாகப் பிடிப்பதில்லை. எண்ணிக்கை பாதியாகக் குறைந்தாலே வெற்றி என்றுதான் நிபுணர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். இது முதலிலேயே தெரிந்திருந்தால், மருந்து ஆரம்பித்து இரண்டாம் மாதம் மறுபடி வந்தபோது நான் அப்படி உடைந்துபோயிருக்க மாட்டேன்.

வலிப்பு வரும் நேரத்தில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். மணி பாருங்கள். மேசை நாற்காலியைத் தள்ளுங்கள், மாடிப்படி பக்கம் உருளாமல் இடுப்புப் பக்கம் ஒரு தலையணையை அணையுங்கள். வீட்டில் வேறு நாய் இருந்தால் அதை அறையில் பூட்டுங்கள், விழுந்து துடிக்கும் நாயை மற்ற நாய் தாக்குவது உண்டு. வாயில் தண்ணீர், மருந்து எதுவும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும். ஐந்து நிமிடம் தாண்டினால், அல்லது தெளியாமலேயே அடுத்தது வந்தால் அது அவசரம். மூளை சேதமாகும், உடம்பு கொதிக்கும். ஈரத் துணியால் துடைத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். அடிக்கடி வரும் நாய்க்கு ஆசனவாய் வழியாகச் செலுத்தும் டயஸிபாம் என்ற வலிப்பை நிறுத்தும் மருந்தை வீட்டில் வைத்துக்கொள்ள டாக்டரே எழுதிக் கொடுப்பார், எப்போது எவ்வளவு என்று அவரிடமே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் அது பிரிட்ஜ் மேல் ஒரு சீட்டாக இருக்கிறது. காலை ஏழு, இரவு ஏழு, மாத்திரையின் பேர், டாக்டரின் நம்பர், ஐந்து நிமிடம் என்பதற்குக் கீழே சிவப்புக் கோடு. ஊருக்குப் போகும்போது பிரவுனியைப் பார்த்துக்கொள்ள வரும் பக்கத்து வீட்டு அக்காவுக்காக எழுதியது. பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு, தேதி, மணி, எத்தனை விநாடி, அன்றைக்கு என்ன சாப்பிட்டது, மாத்திரை தவறியதா. போன மாதம் நாங்கள் ஊரில் இருந்தபோது ஒன்று வந்திருக்கிறது. அக்காவின் கையெழுத்தில் இருக்கிறது: இரவு 2.40, 55 விநாடி, வீடியோ அனுப்பிவிட்டேன். முந்தையதற்கும் இதற்கும் நடுவில் 118 நாள்.